கணிதப் பேரறிஞர் சார்லஸ் ஹெர்மைட்

சங்க மலர்களில் புலவர் பெருமக்களின் வரலாறும், நாட்டுக்கு உழைத்த நல்லோரின் வரலாறும் இடம்பெறுதல் மரபு. இவ்வாண்டு அம்மரபினின்றும் சற்றே விலகி, ஒரு கணித அறிஞரின் வாழ்க்கையைச் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தவர். அந்நாட்டு மக்கள் அவர் பெயரை ஷார்ல் எர்மீட் என ஒலிப்பர். நம் நாட்டுக் கல்லூரிகளில் சார்லஸ் ஹெர்மைட் என்றே வழங்குவதால் ஈண்டும் அவ்வாறே எழுதுகிறேன்.

நான் மெட்ரிகுலேஷன் வரையே பயின்றவன். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்ப்பவன். உயர்கணிதத்தின் ஆழம் கண்டவன் அல்லேன். எனினும் இவ்வறிஞர் வகுத்த முறைகளுள் ஒன்று, நாள்தோறும் தண்டவாளத்தின் அருகில் வாழும் நம் போன்றோர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. அதனினும் மேலாக, தேர்வில் பெற்ற எண்ணைக் கொண்டே பிள்ளைகளை அளந்து பார்க்கும் நமக்கு அவர் வாழ்வு ஓர் உண்மையை உணர்த்துகிறது. இவ்விரண்டையும் கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

பிறப்பும் இளமையும்

பிரெஞ்சு நாட்டின் கிழக்கெல்லையில் லொரேன் என்னும் நிலப்பகுதி உள்ளது. அங்கே உப்புச் சுரங்கத்தால் பெயர்பெற்ற தியூஸ் என்னும் சிற்றூரில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் ஹெர்மைட் பிறந்தார். பெற்றோர்க்குப் பிள்ளைகள் எழுவர். அவர்களுள் இவர் ஆறாமவர். தந்தையார் பொறியியல் பயின்று உப்புச் சுரங்கத்தில் பணியாற்றியவர். பின்னர் மனைவியின் குடும்பத்தார் நடத்திவந்த துணி வணிகத்தை ஏற்று நடத்தினார். வணிகம் பெருகவே, குடும்பம் அண்மையிலிருந்த நான்சி நகருக்குக் குடிபெயர்ந்தது.

ஹெர்மைட்டின் வலக்கால் பிறவியிலேயே குறைபாடு உடையது. வாழ்நாள் முழுதும் அவர் கைத்தடியின் துணைகொண்டே நடந்தார். ஓடியாடும் பிள்ளைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்க நேர்ந்தபோதும் அவர் முகம் வாடியதில்லை என்றும், இனிய இயல்பினர் என்றும் அவரை அறிந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

நான்சியில் தொடக்கக் கல்வி முடித்த பின், பாரிஸ் மாநகர் சென்று பயின்றார். அங்கே லூயி லெ கிராண்ட் என்னும் புகழ்மிக்க பள்ளியில் ரிஷார் என்னும் ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். இருபது வயதில் மறைந்த கணித மேதை கால்வா என்பாரும் இதே ஆசிரியரிடம் முன்னர்ப் பயின்றவரே. ரிஷார் மாணாக்கரின் மதிப்பெண்ணைக் காண்பதோடு நில்லாமல் அவர்தம் சிந்தனை செல்லும் வழியையும் காண்பவர். ஹெர்மைட்டின் தந்தையாரிடம், உம் மகன் ஓர் இளைய லக்ராஞ்சு என்று அவர் கூறி மகிழ்ந்தாராம். லக்ராஞ்சு, முந்தைய நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவர். அப்பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

பள்ளிப் பாடங்களில் ஹெர்மைட் பெருஞ்சிறப்புப் பெறவில்லை. தேர்வுக்கென்று படிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. நூலகம் சென்று, லக்ராஞ்சின் நூலையும், ஜெர்மானிய அறிஞர் காஸ் எழுதிய எண்ணியல் பெருநூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் தாமே படித்துத் தேர்ந்தார். 1842-இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, அவருடைய கட்டுரைகள் இரண்டு கணித இதழில் வெளிவந்தன.

அறுபத்தெட்டாம் இடம்

அதே ஆண்டில் எகோல் பாலிடெக்னிக் என்னும் உயர் கல்விக்கூடத்தின் நுழைவுத் தேர்வை அவர் எழுதினார். பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர்களையும் படை அலுவலர்களையும் உருவாக்கும் நிலையம் அது. தேர்வில் அவர் பெற்ற இடம் அறுபத்தெட்டு. அறுபத்தேழு இளைஞர் அவருக்கு முன்னே நின்றனர்.

இடம் கிடைத்தும் ஓராண்டுக்கு மேல் அவரால் அங்கே தொடர்ந்து பயில இயலவில்லை. கால் ஊனமுற்றவர் என்பதைக் காரணம் காட்டி, அவர் படிப்பைத் தொடர நிர்வாகத்தார் இசைவு மறுத்தனர். செல்வாக்குடையோர் சிலர் தலையிட்டுப் பேசியபின் அம்முடிவு மாற்றப்பட்டது. ஆயின் அதனுடன் கடுமையான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஹெர்மைட் அவற்றை ஏற்க மனமின்றிப் பட்டம் பெறாமலே வெளியேறினார்.

தேர்வில் அறுபத்தெட்டாம் இடம். ஊனத்தைக் காட்டி மறுக்கப்பட்ட கல்வி. கையில் பட்டம் இல்லை. இருபது வயது இளைஞர் ஒருவரின் நிலையை இம்மூன்று செய்திகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவோமாயின், அவர் எதிர்காலத்தைப் பற்றி நாம் என்ன எண்ணியிருப்போம்?

கடிதம் திறந்த கதவு

அவ்விளைஞரின் சிந்தனை செல்லும் வேகத்தை உணர்ந்தவர் வேறு சிலர் இருந்தனர். லியூவில் என்னும் அறிஞர் தூண்டியதன்பேரில், 1843-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெர்மைட் ஜெர்மனியில் வாழ்ந்த யாக்கோபிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீள்வட்டச் சார்புகள் எனப்படும் துறையில் யாக்கோபி அக்காலத்து முதல்வர். அவர் கண்ட முடிவுகளை மேலும் விரித்து இளைஞர் எழுதிய அக்கடிதம், முதிர்ந்த அறிஞரின் கைவண்ணம் எனத் தோன்றியது. யாக்கோபி அதனை மதித்துப் போற்றினார். பிற்காலத்தில் தம் நூல் தொகுதியிலேயே ஹெர்மைட்டின் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டார்.

உலகம் மதிக்கும் அறிஞரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தும், வேலை பெறுவதற்குப் பட்டம் வேண்டுமன்றோ? வெறுத்த தேர்வுகளுக்கு மீண்டும் படித்து, 1847-இல் ஹெர்மைட் பட்டம் பெற்றார். மறு ஆண்டில், தம்மைத் தொடரவிடாது தடுத்த அதே எகோல் பாலிடெக்னிக், நுழைவுத் தேர்வு நடத்தும் பணியில் அவரை அமர்த்தியது. எந்த வாயிலில் அறுபத்தெட்டாமவராக நின்றாரோ, அதே வாயிலில் பிறரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே தம் நண்பரும் கணித அறிஞருமான பெர்த்ராந்தின் தங்கை லூயிசை மணந்தார்.

1856-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் கொடிய அம்மை நோய் அவரைத் தாக்கியது. அந்நாளில் அவருக்கு ஆறுதலாகத் துணைநின்றவர் கோஷி என்னும் மூத்த கணித அறிஞர். 1869 முதல் பாரிஸ் பல்கலைக்கழகமாகிய சோர்போனில் பேராசிரியராக விளங்கி, 1897 வரை அப்பணியை ஆற்றினார்.

பெரும் பணிகள்

அவர் செய்த பணிகள் பல. ஐந்தாம் படிச் சமன்பாட்டை வழக்கமான மூலக்குறி முறைகளால் பொதுவாகத் தீர்க்க இயலாது என்று நார்வே நாட்டு ஆபெல் 1824-இல் நிறுவியிருந்தார். நீள்வட்டச் சார்புகளின் வழியே அதற்குத் தீர்வு காணலாம் என்று ஹெர்மைட் 1858-இல் காட்டினார்.

கூட்டு வட்டியிலும் மடக்கைக் கணக்கிலும் வரும் 2.71828 எனத் தொடங்கும் எண், முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்தச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாது என்பதை அவர் 1873-இல் நிறுவினார். அவர் வகுத்த வழியைப் பின்பற்றியே லிண்டமன் 1882-இல் வட்டத்தின் பை என்னும் எண்ணுக்கும் அவ்வியல்பு உண்டெனக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞரை மயக்கிய ஒரு கேள்வி, அதாவது அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வட்டத்துக்குச் சமமான பரப்புடைய சதுரம் வரைய இயலுமா என்பது, இயலாது என்னும் விடையோடு அன்று முடிந்தது.

இத்தகைய பெரும் பணிகளின் நடுவே, அளவில் சிறிய ஒரு கட்டுரையையும் அவர் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

புள்ளியும் சாய்வும்

ஒரு தாளில் சில புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. அவை எல்லாவற்றின் ஊடாகவும் செல்லும் வளைகோடு ஒன்றை வரைதல் வேண்டும். அதற்குரிய பல்லுறுப்புக் கோவையைக் காணும் வழியை லக்ராஞ்சு 1795-இல் எளிய வடிவில் தந்திருந்தார். இரண்டு புள்ளிகளுக்கு நேர்கோடு. மூன்று புள்ளிகளுக்கு இரண்டாம் படி. பத்துப் புள்ளிகளுக்கு ஒன்பதாம் படி என அது செல்லும்.

லக்ராஞ்சின் முறை புள்ளி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கும். கோடு அப்புள்ளியை எந்தத் திசையில் கடக்கிறது என்று கேட்பதில்லை. ஹெர்மைட் அதையும் கேட்டார். புள்ளியின் உயரத்தோடு அங்குள்ள சாய்வையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே அவர் ஆராய்ந்த பொருள்.

நம் இருப்புப்பாதை ஓரத்தில் நிற்கும் கிரேடியன்ட் போஸ்ட் என்னும் கம்பத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் இரு கைகளிலும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். 100 என்றால், நூறு மீட்டர் செல்லும்போது ஒரு மீட்டர் ஏற்றம் அல்லது இறக்கம் என்பது பொருள். பாதை அவ்விடத்திலிருந்து எவ்வாறு செல்கிறது என்பதை அக்கம்பம் ஓட்டுநருக்கு அறிவிக்கிறது. ஹெர்மைட் விரும்பியது இத்தகைய செய்தியையே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இரண்டு சமதளங்கள் 400 மீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒன்று மற்றொன்றைவிட 4 மீட்டர் உயரமானது. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் சாய்வு நூற்றுக்கு ஒன்று என்றாகும். ஆயின் தொடக்கத்திலும் முடிவிலும் சமதளமும் சரிவும் முட்டிக்கொள்ளும் ஒரு முடக்கு உண்டாகும். வண்டி அங்கே குலுங்கும். ஆகவே இரு முனைகளிலும் சாய்வு சுழியாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்ப்போம். இப்போது நம்மிடம் உள்ள செய்திகள் நான்கு: இரு முனைகளின் உயரங்கள் இரண்டு, சாய்வுகள் இரண்டு. மூன்றாம் படிக் கோவையில் உள்ள கெழுக்களும் நான்கே. எனவே இந்நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் மூன்றாம் படி வளைகோடு ஒன்று உண்டு. ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அதன் கணக்கும் எளிதே. கடந்த தூரம் முழுத் தூரத்தில் எத்தனை பங்கு என்று காண்க. அப்பங்கின் வர்க்கத்தை மூன்றால் பெருக்குக. அப்பங்கின் கனத்தை இரண்டால் பெருக்கி, முன்னதிலிருந்து கழிக்க. வரும் விடையை மொத்த உயரமாகிய நான்கால் பெருக்குக. இவ்வாறு கண்டால், 100 மீட்டரில் உயரம் 62.5 சென்டிமீட்டர், 200 மீட்டரில் சரியாக 2 மீட்டர், 300 மீட்டரில் 3.375 மீட்டர்; முடிவில் 4 மீட்டர். தொடக்கத்தில் மெல்ல எழுந்து, நடுவில் நூற்றுக்கு ஒன்றரை என்னும் சாய்வில் ஏறி, இறுதியில் மெல்லத் தணிந்து சமதளத்தோடு கலந்துவிடுகிறது அக்கோடு. பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இதனைத் தாளில் வரைந்து பார்த்தல் நன்று.

புள்ளிகள் பலவாக இருப்பின், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே இவ்வாறு ஒவ்வொரு துண்டாக வரைந்துகொண்டே போகலாம். சந்திக்கும் இடத்தில் இரு துண்டுகளுக்கும் சாய்வு ஒன்றே ஆதலால் முடக்குத் தோன்றாது. ஹெர்மைட் சாய்வோடும் நிற்கவில்லை. சாய்வு மாறும் வேகம், அவ்வேகம் மாறும் அளவு என எத்தனை செய்திகள் கொடுக்கப்பட்டாலும், அத்தனையையும் நிறைவு செய்யும் கோவை ஒன்றே என்று பொதுமுறையில் காட்டினார். பல புள்ளிகளும் உயரம் மட்டுமே எனில் அது லக்ராஞ்சின் முறையாகும். ஒரே புள்ளியும் எல்லாச் செய்திகளும் எனில் அது ஆங்கில அறிஞர் டெய்லரின் முறையாகும். இரண்டையும் தன்னுள் அடக்கிய பாலமாக ஹெர்மைட்டின் முறை அமைந்தது. அதனை நிறுவ அவர் கையாண்ட கருவி, நோயுற்ற நாளில் தமக்குத் துணைநின்ற கோஷி வகுத்த தொகையீட்டு முறையே.

எல்லை கடந்த அறிவு

அக்கட்டுரை வெளிவந்த காலமும் இடமும் கருதத்தக்கவை. 1870-இல் பிரெஞ்சு நாட்டுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சு நாடு தோற்றது. 1871-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் லொரேனின் ஒரு பகுதி ஜெர்மனிக்குச் சென்றது. ஹெர்மைட் பிறந்த தியூஸ் அப்பகுதியில் இருந்தது. வளர்ந்த நான்சி பிரெஞ்சு நாட்டிலும், பிறந்த ஊர் அயல் நாட்டிலும் ஆயின. முதல் உலகப் போருக்குப் பின்னரே அவ்வூர் பிரெஞ்சு நாட்டுக்கு மீண்டது. அதனைக் காண ஹெர்மைட் உயிரோடு இல்லை.

பிறந்த மண்ணை இழந்த அவர், ஏழே ஆண்டுகளுக்குப் பின், 1878-இல், இக்கட்டுரையைப் பெர்லினில் வெளிவந்த கணித இதழில் வெளியிட்டார். அவ்விதழின் ஆசிரியர் போர்ஷார்ட் என்பாருக்கு எழுதிய கடிதமாகவே அது அமைந்தது. நாடுகள் பகைத்து நின்றபோதும் அறிஞர் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மனோர்க்கு இச்செய்தி தனிச்சுவை உடையது.

மாணாக்கர் போற்றிய ஆசான்

போன்காரே, அப்பெல், பிகார் முதலிய புகழ்பெற்ற அறிஞர் பலர் அவர்பால் பயின்றவர். பிகார் அவர் மகளை மணந்து மருமகனும் ஆனார். பிற்காலத்தில் ஹெர்மைட்டின் படைப்புகளை நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவரே.

ஹாலந்து நாட்டு ஸ்டீல்ட்யெஸ் என்பாரின் வரலாறு இன்னும் உருக்கமானது. அவர் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவர். லெய்டன் வானாய்வு நிலையத்தில் சிறு பணியில் இருந்தவர். 1882-இல் அவர் ஹெர்மைட்டுக்குக் கடிதம் எழுதினார். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் அவ்விளைஞரிடம் பட்டம் உண்டா என்று பாராமல், கடிதத்தில் இருந்த கணிதத்தைப் பார்த்தார். அவருடைய ஆதரவால் ஸ்டீல்ட்யெஸ் 1886-இல் பிரெஞ்சு நாட்டின் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பணி பெற்றார். 1894-இல் ஸ்டீல்ட்யெஸ் இளம் வயதில் மறையும்வரை இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 432. தாம் பெற்ற உதவியை இளைய தலைமுறைக்குத் திருப்பி அளித்தார் ஹெர்மைட்.

அவரிடமும் ஒரு பிடிவாதம் உண்டு. தொடர்ச்சி உடையதாயினும் எந்த இடத்திலும் சாய்வு என்பதே இல்லாத விந்தைக் கோடுகள் அக்காலத்தில் கண்டறியப்பட்டன. ஹெர்மைட் அவற்றைக் கண்டு முகம் சுளித்தார்; அவை கணிதத்தைப் பிடித்த நோய் என்ற கருத்துப்பட ஸ்டீல்ட்யெஸுக்கு எழுதினார். ஆயின், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அலைவு போன்றவற்றை விளக்க அத்தகைய கோடுகளே உதவும் என்பதைப் பின்வந்த நூற்றாண்டு காட்டியது. பெரியோரும் சில இடங்களில் தம் காலத்தின் எல்லைக்குள் நிற்பவரே.

இன்றைய பயன்

1901-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ஹெர்மைட் இயற்கை எய்தினார். அவர் விதைத்த கருத்து இன்று எங்கும் பரவி நிற்கிறது. விமானம், கார் ஆகியவற்றின் வெளிப்புற வளைவுகளைக் கணிப்பொறியில் வரையும் முறைகள் 1960-களில் தோன்றியபோது, புள்ளியும் திசையும் கொண்டு வரையும் மூன்றாம் படிக் கோடுகளே அவற்றுக்கு அடிப்படை ஆயின. பிரெஞ்சு நாட்டுக் கார் நிறுவனத்தில் பணியாற்றிய பெசியே பரப்பிய வளைகோடும், வேறு வடிவில் சொல்லப்பட்ட ஹெர்மைட் கோடே. கணிப்பொறியில் அச்சாகும் நம் தமிழ் எழுத்துகளை நோக்குங்கள். ழகரத்தின் சுழியும் ஐகாரத்தின் வளைவும் இத்தகைய சிறு துண்டுகளை முடக்கின்றி இணைத்தே வரையப்படுகின்றன.

நம் இருப்புப்பாதையிலும் இவ்வெண்ணத்தின் உறவைக் காணலாம். நேர்ப்பாதை வட்ட வளைவோடு சேரும் இடத்தில், இடையே மூன்றாம் படிக் கோடு ஒன்றை அமைப்பது இந்திய ரயில்வேயின் முறை. இடமும் திசையும் மட்டுமன்றி வளைவின் அளவும் படிப்படியாக மாறுவதால், பெட்டியில் உறங்கும் குழந்தை விழித்தெழுவதில்லை.

நிலவின் வடமுனை அருகே ஒரு பெரும் பள்ளத்துக்கு ஹெர்மைட்டின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2009-இல் நிலவைச் சுற்றிய ஆய்வுக்கலம், அப்பள்ளத்தின் நிழலில் மைனஸ் 247 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கடுங்குளிர் நிலவுவதைக் கண்டறிந்தது.

அன்பர்களே, தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நம் குடியிருப்பில் எத்தனை வீடுகளில் அடுப்புப் புகையாமல் கிடக்கிறது! பிள்ளை பெற்ற எண் ஒரு புள்ளி. அது பொய்யன்று, அதனைப் புறக்கணிக்கவும் வேண்டா. ஆயின் அப்புள்ளியில் பிள்ளையின் அறிவு எத்திசை நோக்கிச் செல்கிறது, எத்துணை விரைவோடு ஏறுகிறது என்பதையும் உடன் காணல் வேண்டும். கால் ஊனத்தை மட்டும் கண்டவர்கள் ஹெர்மைட்டை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். அவர் செல்லும் திசையைக் கண்ட ரிஷாரும் லியூவிலும் யாக்கோபியும் உலகுக்கு ஒரு பேரறிஞரைத் தந்தனர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தகைய கண்ணுடையோராக நாம் விளங்குவோமாக.